டொராண்டோவில் ஹோட்டல் இருக்கு, லாட்ஜ் எங்கே?

நம்ம ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடும் இடம். தங்கும் இடத்துக்குப் பெயர் லாட்ஜ். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே இறங்கி நடந்தால் ஐந்து நிமிஷத்தில் பத்து லாட்ஜ் போர்டு கண்ணில் படும். கையில் இருக்கும் காசுக்கு ஏற்ற ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு பக்கெட், ஒரு ஃபேன். குளித்து, உடை மாற்றி, வந்த வேலையை முடித்துவிட்டு ராத்திரி ரயில் ஏறலாம். திருச்சி, மதுரை, கோவை என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் இதே கதைதான்.

டொராண்டோவில் ஹோட்டல்களுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் லாட்ஜ் இல்லை. "ஒரு ராத்திரி தலை சாய்க்க இடம் போதும், மற்றதெல்லாம் வேண்டாம்" என்று சொல்லும் ஆளுக்கு இந்த ஊர் தரும் பதில், "இருநூறு டாலர், வரி தனி". இது சுற்றுலாப் பயணிகளின் பிரச்னை மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை என்பதுதான் என் கட்சி.

நான் ஐ.டி. வேலையில் இங்கே வந்து ஏழு வருஷமாச்சு. மாதத்துக்கு ஒரு முறையாவது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். "மச்சி, அடுத்த வாரம் டொராண்டோ வர்றேன், சீப்பா ஒரு ரூம் சொல்லு." கல்லூரி நண்பன், பழைய மேனேஜர், அத்தை பையன், அவனுடைய நண்பன் என்று கேட்கும் ஆள் மாறுவார், கேள்வி மாறாது. இத்தனை பேருக்குத் தேடித் தேடி, இந்த ஊர் ஹோட்டல் விலை எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு புரிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

200 டாலர் 245 ஆவது எப்படி?

இணையத்தில் ஓர் அறை ஒரு ராத்திரிக்கு 200 டாலர் என்று காட்டுகிறது என வைத்துக்கொள்வோம். டொராண்டோவில் இதை யாரும் அதிகம் என்று சொல்ல மாட்டார்கள். புக் செய்து, கடைசிப் பக்கத்துக்கு வந்தால் 245 டாலர் 21 சென்ட் என்று நிற்கும். நம்ம காசுக்கு 15 ஆயிரம் ரூபாய்க்கு மேல். நடுவில் என்ன நடந்தது?

முதலில் மாநகராட்சியின் தங்கும் விடுதி வரி. 2018 ஏப்ரல் 1 அன்று இது 4 சதவீதமாகத் தொடங்கியது. 2023 மே மாதம் 6 சதவீதம் ஆனது. 2025 ஜூன் 1 முதல் 8.5 சதவீதம். ஆக, 200 டாலருக்கு 17 டாலர். இந்த 217 டாலருக்கு மேல் ஒன்டாரியோவின் 13 சதவீத எச்.எஸ்.டி. விழுகிறது. கவனியுங்கள், அறைக்கு வரி போட்டு, அந்த வரிக்கும் வரி. மொத்தமாகக் கணக்குப் பார்த்தால் 22.6 சதவீதம். சில ஹோட்டல்கள் இதற்கு மேல் தங்கள் சொந்தக் கட்டணம் ஒன்றையும் வேறு வேறு பெயர்களில் சேர்க்கின்றன. டவுன்டவுனில் கார் நிறுத்தினால் அதற்குத் தனிக் காசு.

6 சதவீதம் ஏன் திடீரென்று 8.5 ஆனது? உலகக் கோப்பைக் கால்பந்து. 2026 போட்டிகளில் ஆறு ஆட்டங்கள் டொராண்டோவில் நடக்கின்றன. ஜூன் 12 அன்று கனடாவின் முதல் ஆட்டம், ஜூலை 2 அன்று கடைசி ஆட்டம். இந்த ஆறு ஆட்டங்களை நடத்த ஆகும் செலவு 380 மில்லியன் டாலர் என்பது மாநகராட்சியே சொன்ன மதிப்பீடு. அதில் ஒரு பகுதியை ஹோட்டலில் தங்குகிறவர்களிடம் வசூலிக்கலாம் என்று முடிவெடுத்து, 2026 ஜூலை 31 வரைக்கும் தற்காலிகமாக வரியை ஏற்றியிருக்கிறார்கள்.

விருந்தாளி உள்ளூரில் ஓட்டுப் போட மாட்டார். அதனால் அவர் தலையில் வரி போடுவது எந்த ஊர் கவுன்சிலுக்கும் வசதி. கால்பந்து பார்க்க வருகிறவர் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்றால் எனக்கும் சம்மதம்தான். ஆனால் இந்த வரி ஒரு வருஷத்துக்கும் மேலாக எல்லாரிடமும் வாங்கப்படுகிறது. பிப்ரவரிக் குளிரில் இன்டர்வியூவுக்கு வந்து ஒரு ராத்திரி தங்கியவரும் இதைக் கட்டியிருக்கிறார், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வந்தவரும் கட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் இந்தியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. அங்கே ஹோட்டல் அறைக்கான ஜி.எஸ்.டி. அறை வாடகையைப் பொறுத்து மாறும். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18 சதவீதம். 2022 ஜூலை வரைக்கும் ஆயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்த அறைகளுக்கு வரியே கிடையாது. அந்த விலக்கை எடுத்தது தப்பு என்பது வேறு விவாதம். ஆனால் ஏழை தங்கும் அறையும் பணக்காரர் தங்கும் அறையும் ஒன்றில்லை என்ற அடிப்படை நியாயம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. டொராண்டோவில் நெடுஞ்சாலை ஓர மோட்டலுக்கும் ஐந்து நட்சத்திர ஹோட்டலுக்கும் ஒரே சதவீதம்தான்.

இன்னொரு முரண்பாடு. கனடாவில் விமான டிக்கெட் விளம்பரத்தில் எல்லா வரியும் கட்டணமும் சேர்த்த முழு விலையைத்தான் காட்ட வேண்டும். 2012 டிசம்பரிலிருந்து இது சட்டம். ஹோட்டலுக்கு அப்படி இல்லை. முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டு, பிறகு கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது தவறு என்று போட்டிச் சட்டத்தில் 2022 ஜூனில் தெளிவாக எழுதினார்கள். அந்தச் சட்டத்தின்படிதான் 2024 செப்டம்பரில் சினிப்ளெக்ஸ் தியேட்டர் நிறுவனத்துக்கு 38.9 மில்லியன் டாலர் அபராதம் போட்டார்கள், ஆன்லைன் புக்கிங் கட்டணத்தைக் கடைசியில் சேர்த்ததற்காக. ஆனால் அரசு விதிக்கும் வரிகளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதாவது ஹோட்டல்காரர் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் குற்றம், அரசாங்கத்தின் பங்கைச் சேர்த்தால் குற்றமில்லை! சென்னையிலிருந்து கிளம்பும்போது விமானத்துக்கு எவ்வளவு என்று சரியாகத் தெரிகிறது. வந்து இறங்கியதும் படுக்கைக்கு எவ்வளவு என்பதுதான் கடைசிப் பக்கம் வரை தெரியவில்லை.

விலையை ஏற்றுவது மனுஷன் இல்லை

எங்கள் டீமில் சென்னையிலிருந்து ஒருவர் 2024 நவம்பரில் பத்து நாள் வேலைக்கு இங்கே வந்தார். கம்பெனி ஒரு ராத்திரிக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருந்தது. சாதாரணமாக அந்த வரம்புக்குள் டவுன்டவுனில் ஏதாவது ஒன்று கிடைத்துவிடும். அந்த மாதம் 14, 15, 16, 21, 22, 23 ஆகிய ஆறு ராத்திரி ரோஜர்ஸ் சென்டரில் டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரி. அவர் அந்தப் பாடகியின் ஒரு பாட்டைக் கூடக் கேட்டதில்லை. ஆனால் அவருடைய அறை வாடகையைத் தீர்மானித்தது அந்தக் கச்சேரிதான். கடைசியில் மிசிசாகாவைத் தாண்டி ஒரு மோட்டலில் தங்கி, தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸிலும் ரயிலிலும் கழித்தார்.

இதில் யாரோ ஒரு முதலாளி உட்கார்ந்து பேராசையில் விலையை ஏற்றினார் என்று நினைக்க வேண்டாம். வேலை செய்தது ஒரு சாஃப்ட்வேர். 1980களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமான இருக்கைகளுக்குப் பெரிய அளவில் கையாண்ட முறை இது. ஒரே இருக்கையை, எப்போது வாங்குகிறார், எவ்வளவு அவசரம் என்று பார்த்து வேறு வேறு விலைக்கு விற்பது. பிறகு பெரிய ஹோட்டல் குழுமங்கள் இதைப் பிடித்துக்கொண்டன. விற்காமல் போன அறையை நாளைக்கு விற்க முடியாது என்பதால் ஹோட்டலும் விமானமும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். இன்று நடுத்தர ஹோட்டலில் கூட ஊரில் என்ன நிகழ்ச்சி, போன வருஷம் இதே நாளில் எத்தனை அறை போனது, பக்கத்து ஹோட்டல் என்ன விலை சொல்கிறது என்று பார்த்து ஒரு புரோகிராம் விலையை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

இந்தத் துறையில் இருக்கிறவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். "பிரவுசரில் குக்கீயை அழி, ரகசிய விண்டோவில் தேடு, விலை குறையும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் பலமுறை பார்த்தேன், பெரிதாக ஒரு வித்தியாசமும் இல்லை. விலை மாறுவது உங்கள் பிரவுசரைப் பார்த்து இல்லை, தேதியைப் பார்த்து. ஆகவே ஜெயிக்க வேண்டுமென்றால் தேதியை வைத்துத்தான் ஆட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

மலிவு அறைகள் எங்கே போயின?

டொராண்டோவில் லாட்ஜ் மாதிரி ஒன்று இருக்கவே இல்லையா என்றால், இருந்தது. ஸ்கார்பரோவில் கிங்ஸ்டன் ரோடு என்று ஒன்று இருக்கிறதே, நம்ம ஆட்கள் தினமும் கார் ஓட்டும் அதே ரோடு, அது ஒரு காலத்தில் கிழக்கே மான்ட்ரியல் பக்கம் போகும் முக்கிய நெடுஞ்சாலையின் பகுதி. ரோட்டின் இரண்டு பக்கமும் வரிசையாக மோட்டல்கள். 401 நெடுஞ்சாலை வந்த பிறகு கார்கள் அந்தப் பக்கம் போய்விட்டன, மோட்டல்கள் காற்று வாங்கின. மேற்கே எட்டோபிகோவில் ஏரிக்கரையை ஒட்டியும் இதே போல ஒரு மோட்டல் வரிசை இருந்தது. இன்று அந்த இடத்தில் வானத்தைத் தொடும் காண்டோ கட்டிடங்கள் நிற்கின்றன.

கிங்ஸ்டன் ரோடு மோட்டல்களுக்கு இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. வீடில்லாத குடும்பங்களையும், புதிதாக வந்து இறங்கிய அகதிக் குடும்பங்களையும் மாநகரம் அங்கே தங்க வைத்தது. பல குழந்தைகளின் கனடா வாழ்க்கை அந்த மோட்டல் அறைகளில்தான் தொடங்கியது. பிறகு அவையும் ஒவ்வொன்றாக இடிபட்டன.

2020ல் கொரோனா வந்தபோது இதே கதை பெரிய அளவில் திரும்ப நடந்தது. விடுதிகளில் நெரிசலைக் குறைக்க மாநகராட்சி டவுன்டவுன் ஹோட்டல்களையே வாடகைக்கு எடுத்தது. 2023ல் அகதிகள் வருகை கூடியபோது மத்திய அரசும் ஹோட்டல் அறைகளை எடுத்தது. அந்த ஜூலையில், 129 பீட்டர் தெருவில் உள்ள மாநகராட்சி மையத்துக்கு வெளியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். கடைசியில் கறுப்பினத்தவர்களின் தேவாலயங்கள்தான் கதவைத் திறந்துவிட்டன.

இதை வைத்து "அகதிகளால்தான் ஹோட்டல் விலை ஏறியது" என்று நம்மவர்கள் சிலரே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். கேட்கவே கூசுகிறது. 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்கு இந்த ஊர் இடம் கொடுத்ததால்தான் இன்று ஸ்கார்பரோவில் தமிழில் பேசி மளிகை வாங்க முடிகிறது. எனக்கே அந்தக் கடைகள்தான் சோறு போட்டன. ஹோட்டல் அகதிகளுக்காகக் கட்டப்பட்டதில்லை. வாடகை வீடு கிடைக்காததால், விடுதியில் இடம் இல்லாததால் அவர்கள் ஹோட்டலுக்குத் தள்ளப்பட்டார்கள். வீட்டுப் பிரச்னைதான் ஹோட்டல் பிரச்னையாக வந்து நிற்கிறது.

ஏர்பிஎன்பி மாதிரியான வீட்டு வாடகையிலும் இதுதான் நடந்தது. டொராண்டோவில் இதற்கான விதிகள் வழக்குகளைத் தாண்டி 2021 ஜனவரியிலிருந்து முழுமையாக அமலுக்கு வந்தன. தான் குடியிருக்கும் வீட்டைத்தான் 28 நாளுக்குக் குறைவான வாடகைக்கு விடலாம். முழு வீட்டையும் விட்டால் வருஷத்துக்கு அதிகபட்சம் 180 ராத்திரி. மாநகராட்சியில் பதிவு செய்து, அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். முதலீட்டுக்காகப் பத்து காண்டோ வாங்கி ஹோட்டல் நடத்துவதை இது நிறுத்தியது. பயணிக்கு மலிவு அறை குறைந்ததே என்று கேட்டால், ஆமாம், குறைந்தது. ஆனாலும் நான் அந்த விதியின் பக்கம்தான். ஊரில் குடியிருக்கிறவருக்கு வீடு முதலில், விருந்தாளிக்கு அப்புறம். என் கேள்வி வேறு. ஒரு கதவை நியாயமாக மூடினீர்கள், சரி. இன்னொரு கதவை எப்போது திறப்பீர்கள்?

கஷ்டப்படுவது யார்?

சுற்றுலா வருகிறவர் காசு இல்லையென்றால் வராமல் இருந்துவிடலாம். வராமல் இருக்க முடியாதவர்கள் சிலர் இருக்கிறார்கள்.

டவுன்டவுனில் யூனிவர்சிட்டி அவென்யூவில் நடந்து பாருங்கள். குழந்தைகளுக்கான சிக்கிட்ஸ், புற்றுநோய்க்கான பிரின்சஸ் மார்கரெட், டொராண்டோ ஜெனரல், மவுன்ட் சினாய் என்று நான்கு பெரிய மருத்துவமனைகள் ஒரே இடத்தில். மாகாணம் முழுவதிலும் இருந்து இங்கேதான் அனுப்புகிறார்கள். கனடாவில் மருத்துவம் இலவசம் என்று நம்ம ஊரில் பெருமையாகச் சொல்வோம். ஆபரேஷன் இலவசம்தான். உள்ளே நோயாளிக்குக் கட்டில் உண்டு. வெளியே காத்திருக்கும் மனைவிக்கு? வின்ட்ஸரிலிருந்து வருகிறவருக்கு ஒரு வழி மட்டும் முந்நூற்று எழுபது கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது. பத்து நாள் தங்கினால் மேலே சொன்ன கணக்கில் இரண்டாயிரத்து ஐந்நூறு டாலரைத் தொடும்.

வடக்கு ஒன்டாரியோவில் குடியிருப்பவர்களுக்குப் பயணத்துக்கும் தங்குவதற்கும் மாகாண அரசின் உதவித்தொகை உண்டு. தெற்கே இருக்கும் வின்ட்ஸருக்கும் கிங்ஸ்டனுக்கும் அது கிடையாது. நோயுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு 240 மெக்கால் தெருவில் 81 அறைகளுடன் ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ் 2011லிருந்து இருக்கிறது. அருமையான இடம். ஆனால் அது குழந்தைகளின் குடும்பங்களுக்கு. அறுபது வயது அப்பாவைக் கூட்டி வருகிற மகனுக்கு அந்தக் கதவு இல்லை.

அடுத்து, புதிதாக வரும் மாணவர்கள். இங்கே படிக்க வருகிறவர் வாழ்க்கைச் செலவுக்கென்று காட்ட வேண்டிய பணம் 2024 ஜனவரியில் 20,635 டாலர் ஆனது, 2025 செப்டம்பரில் 22,895 டாலர். நிலத்தை அடமானம் வைத்துத் திரட்டிய பணம் அது. முதல் இரண்டு வாரம் ஹோட்டலில் தங்கி, நிதானமாக வீடு பார்க்கலாம் என்றால் அதிலேயே மூவாயிரம் டாலருக்கு மேல் போய்விடும். அதற்குப் பயந்து, ஊரில் இருந்தபடியே போட்டோவைப் பார்த்து முன்பணம் அனுப்புகிறார்கள். வந்து பார்த்தால் வீடே இருக்காது, அல்லது ஜன்னல் இல்லாத பேஸ்மென்டில் ஆறு பேர் இருப்பார்கள். ஒன்டாரியோ சட்டப்படி வீட்டுக்காரர் கடைசி மாத வாடகையை மட்டும்தான் முன்பணமாக வாங்கலாம், சேதாரத்துக்கு என்று டெபாசிட் கேட்பது சட்டவிரோதம். இது தெரியாமல் நான்கு மாத வாடகையைக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒரு வாரம் கௌரவமாகத் தங்க மலிவான இடம் இருந்தால் இந்த ஏமாற்றில் பாதி நடக்காது.

"சொந்தக்காரங்க வீட்ல தங்க வேண்டியதுதானே?" என்பார்கள். தமிழர்கள் இத்தனை வருஷம் அப்படித்தான் சமாளித்தார்கள். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து தனியாக வருகிற பையனுக்கு இங்கே சித்தப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. இருக்கிறவர்களும் 600 சதுர அடி காண்டோவில் இரண்டு குழந்தைகளோடு இருக்கிறார்கள். ஹாலில் பாய் விரிக்கலாம்தான். மூன்று நாள் விரிக்கலாம். மூன்று வாரம்?

அதுவரைக்கும் என்ன செய்யலாம்?

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, நான் நண்பர்களுக்குச் சொல்வதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் தேதி. ஜனவரி முதல் மார்ச் வரை விலை பொதுவாகக் குறைவு. செப்டம்பர் முதல் பாதியில் திரைப்பட விழா, ஆகஸ்ட் தொடக்கத்தில் கரீபியன் திருவிழா, மார்ச் தொடக்கத்தில் சுரங்கத் துறை மாநாடு, 2026ல் கூடுதலாக ஜூன் 12 முதல் ஜூலை 2 வரை கால்பந்து. இந்தத் தேதிகளைத் தொடாதீர்கள். ஞாயிறு ராத்திரி பெரும்பாலும் மலிவு. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள டிக்சன் ரோடு, ஏர்போர்ட் ரோடு ஹோட்டல்கள் வேலை நிமித்தம் வருகிறவர்களை நம்பியவை, அதனால் அங்கே வார இறுதியில் விலை இறங்குவதுண்டு.

இரண்டாவது, டவுன்டவுன்தான் டொராண்டோ என்று நினைக்காதீர்கள். 2017 டிசம்பரிலிருந்து சப்வே வான் நகரம் வரைக்கும் போகிறது. அந்தக் கடைசி ஸ்டேஷன் பக்கம் தங்கினால் ரயில் மாறாமல் யூனியன் ஸ்டேஷனுக்குச் சுமார் முக்கால் மணி நேரம். ஸ்கார்பரோவில் தங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அங்கே ஓடிய குட்டி ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு, அதோடு நிரந்தரமாக நின்றுபோனது. கென்னடி ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். பழைய வரைபடத்தை நம்பி புக் செய்யாதீர்கள். நல்ல செய்தி, 2024 பிப்ரவரியிலிருந்து கோ ரயில், மிசிசாகா, பிராம்ப்டன், யார்க் பஸ்களிலிருந்து டி.டி.சி.க்கு மாறினால் இரண்டாவது டிக்கெட் கிடையாது. வார இறுதியில் கோ ரயிலில் 10 டாலருக்கு ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். தூரமாகத் தங்குவதில் இருந்த பாதி நஷ்டம் இதில் ஈடாகிவிடும்.

மூன்றாவது, மே முதல் ஆகஸ்ட் வரை பல்கலைக்கழக விடுதிகள். மாணவர்கள் லீவில் ஊருக்குப் போனதும் பல விடுதிகள் அந்த அறைகளை வெளியாட்களுக்கு விடுகின்றன. ஒரு கட்டில், ஒரு மேசை, சில இடங்களில் பொதுக் குளியலறை. டவுன்டவுனின் நடுவிலேயே இப்படிக் கிடைக்கும். டொராண்டோவில் நம்ம லாட்ஜுக்கு மிக நெருக்கமான விஷயம் இதுதான். தனியாக வருகிற இளைஞர் என்றால் ஸ்படைனா, கென்சிங்டன் பக்கம் இருக்கும் ஹாஸ்டல்களையும் பார்க்கலாம்.

நான்காவது, மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நேராக ஹோட்டல் தளத்தில் புக் செய்ய வேண்டாம். மருத்துவமனையின் சமூக சேவகரிடம் முதலில் கேளுங்கள். நோயாளிகளின் குடும்பத்துக்கென்று தனி விலை தரும் ஹோட்டல்களின் பட்டியல் பல மருத்துவமனைகளில் இருக்கும். கேட்டால்தான் கிடைக்கும்.

கடைசியாக, ஊரிலிருந்து வருகிறவர்கள் கிரெடிட் கார்டு இல்லாமல் வராதீர்கள். உள்ளே நுழையும்போது அறை வாடகைக்கு மேல் ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வர நாள் கணக்கில் ஆகும், சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள். அதே மாதிரி, விலையை ஒப்பிடும்போது முதல் பக்கத்து விலையைப் பார்க்காதீர்கள், கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

சத்திரம் கட்டியவர்கள் நாம்

இந்த யோசனைகள் எல்லாம் தனி மனிதன் தப்பிக்கிற வழி. ஊர் மாற வேண்டும் என்றால் மூன்று விஷயம் நடக்க வேண்டும்.

ஒன்று, ஆகஸ்ட் 1 அன்று அந்த 8.5 சதவீதம் சொன்னபடி 6க்கு இறங்க வேண்டும். தற்காலிக வரிகளுக்கு நிரந்தரமாகும் பழக்கம் எந்த நாட்டிலும் உண்டு. இறங்கிய பிறகு, அதை வாடகைக்கு ஏற்ற அடுக்குகளாகப் பிரிக்க வேண்டும். குறைந்த விலை அறைக்கும், மருத்துவமனைக் கடிதத்தோடு வருகிறவருக்கும் விலக்கு. இந்த வரியில் ஒரு பங்கு ஊரை விளம்பரப்படுத்தும் சுற்றுலா அமைப்புக்குப் போகிறது. விளம்பரத்தைப் பார்த்து வருகிறவருக்குப் படுக்க இடம் வேண்டாமா?

இரண்டு, விமான டிக்கெட் மாதிரி ஹோட்டலுக்கும் முழு விலையை முதல் பக்கத்திலேயே காட்டச் சொல்லும் சட்டம். அரசுக்கு இதில் ஒரு காசு செலவில்லை.

மூன்று, எளிய தங்குமிடங்களுக்கு அனுமதி. ஜப்பானில் 1979லேயே ஒசாகாவில் கேப்சூல் ஹோட்டல் வந்துவிட்டது. 2021ல் மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்திலேயே அந்த மாதிரி அறைகளைத் திறந்தார்கள். யூனியன் ஸ்டேஷனுக்கும் பியர்சன் விமான நிலையத்துக்கும் நடுவே 25 நிமிஷத்தில் ரயில் ஓடும் ஊரில் அப்படி ஒன்று ஏன் வரக்கூடாது?

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே மங்கம்மாள் சத்திரம். ராமேஸ்வரம் போகும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள். ஒரத்தநாட்டில் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தில் வந்தவருக்குச் சோறும் இடமும் கிடைத்தன. காசியில் நகரத்தார் சத்திரம். சிங்கப்பூருக்குக் கப்பலேறிய செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி வைத்தார்கள், கணக்கு எழுதுவதும் அங்கேதான், படுப்பதும் அங்கேதான். கடல் தாண்டிய தமிழன் கோயிலுக்கு அடுத்து யோசித்தது, பின்னால் வருகிறவன் எங்கே தங்குவான் என்பதை.

டொராண்டோவில் நமக்குக் கோயில்கள் இருக்கின்றன. கல்யாண மண்டபங்கள் இருக்கின்றன. மார்க்கம் ரோட்டில் ஆகஸ்ட் மாதத்தில் தெருவையே அடைத்துத் திருவிழா நடத்துகிறோம். ஸ்கார்பரோவில் ஸ்டெயின்ஸ் ரோட்டில் தமிழ்ச் சமூக மையம் கட்டும் திட்டத்துக்கு 2021ல் மத்திய, மாகாண அரசுகள் நிதி அறிவித்தன. அரங்கம் வரட்டும், நூலகம் வரட்டும், விளையாட்டுக் கூடமும் வரட்டும். ஆனால் நம் சங்கங்களும் கோயில்களும் சேர்ந்து எங்கேயாவது இருபது அறை, இல்லை, பத்து அறை கட்ட முடியாதா? முறையாக அனுமதி வாங்கி, தீயணைப்பு விதிகளைப் பார்த்து, நியாயமான வாடகை வைத்து. முதல் வாரம் வந்து இறங்கிய மாணவருக்கு, மருத்துவமனைக்கு வந்த குடும்பத்துக்கு, வேலை தேடி வந்த பெண்ணுக்கு. தமிழர்களுக்கு மட்டும் என்றும் இருக்க வேண்டாம். 129 பீட்டர் தெரு நடைபாதையில் படுத்திருந்தவர்களுக்கும் அதில் ஓர் இடம் இருக்கலாம்.

ஒரு சமூகம் பெரிய ஊரில் வேரூன்றிவிட்டது என்பதற்கு அடையாளம் சொந்த வீடும் காரும் மட்டும் இல்லை. தெரியாத ஒருவர் பெட்டியோடு வந்து நின்றால், "வாங்க, இன்னைக்கு ராத்திரி இங்க தங்கிக்குங்க" என்று சொல்ல ஒரு கதவு இருக்க வேண்டும். அந்தக் கதவைக் கட்டும் வசதி நமக்கு வந்து ரொம்ப நாளாச்சு.